அலாரம் 'ஓஃப்' ஆனால் ஏன் சத்தம் போடுகிறது? 'கோ ஓஃப்' என்னும் ஆங்கில வினைக்கு ஓர் எளிய விளக்கம்

திருகோணமலையில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் கற்பித்துவரும் எனக்கு, ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வி வந்து சேர்கிறது. கரும்பலகையில் 'மை அலாரம் வென்ட் ஓஃப் அட் ஃபைவ் அன்ட் ஐ வோக் அப்' (ஐந்து மணிக்கு என் அலாரம் அடித்தது, நான் எழும்பினேன்) என்று எழுதி முடிப்பதற்குள் பின்வாங்கிலிருந்து யாராவது ஒருவர் கையை உயர்த்துவார். "சேர், அலாரம் ஓஃப் ஆன பிறகு அவர் எப்படி எழும்பினவர்?" வகுப்பு சிரிக்கும். ஆனால் சிரிப்பவர்களிலும் பாதிப்பேருக்கு விடை தெரிந்திருக்காது.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், இங்கே கடற்கரையோரத்தில் இருக்கும் ஒரு தங்குவிடுதியில் மும்மொழி அறிவித்தல் பலகைகளைச் சரிபார்த்துத் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. ஆங்கில வரி 'வென் த ஃபயர் அலாரம் கோஸ் ஓஃப், லீவ் த பில்டிங் இமீடியட்லி' என்று இருந்தது. அதன் கீழே, நல்ல எழுத்தில், பிழையில்லாத தமிழில், 'தீ அபாய மணி நின்றவுடன் கட்டடத்தை விட்டு வெளியேறவும்' என்று எழுதப்பட்டிருந்தது. அதாவது மணி அலறிக்கொண்டிருக்கும் வரைக்கும் அறைக்குள்ளேயே இருந்து, அது ஓய்ந்த பிறகு ஆறுதலாக இறங்கி வரவேண்டும்.

பரீட்சையில் இரண்டு புள்ளி போவது பெரிய காரியமன்று. தீயணைப்பு அறிவித்தலில் இந்தப் பிழை வருவது வேறு விடயம். ஆகையால் இந்த ஒரு வினையை, அதன் வேரிலிருந்து, பொறுமையாகப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

நம் வீட்டுச் சொல்லாகிவிட்ட 'ஓஃப்'

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், ஆங்கிலம் தெரியாமையில் அன்று. 'ஓஃப்' என்ற சொல் நமக்கு ஏற்கெனவே மிக நன்றாகத் தெரியும் என்பதுதான் சிக்கல்.

'ஃபேனை ஓஃப் பண்ணு', 'அவருடைய ஃபோன் ஓஃப்', 'இன்றைக்கு எனக்கு ஓஃப்', 'எஞ்சினை ஓஃப் பண்ணிவிட்டு வள்ளத்தைத் தள்ளு' என்று நாள் முழுவதும் சொல்கிறோம். இவற்றில் எதைச் சொன்ன அம்மாவும் அப்பாவும் அண்ணனும் ஆங்கிலம் பேசுவதாக எண்ணுவதில்லை; அது தமிழ்தான். இந்த வீட்டு 'ஓஃப்' எல்லா இடங்களிலும் ஒரே பொருளைத்தான் தருகிறது: இயங்காமல் நிற்றல். சுவரில் இருக்கும் சுவிட்சோடு சேர்ந்து நம் பேச்சுக்குள் நுழைந்த சொல் அது என்பது என் எண்ணம். அதனால்தான் சுவிட்சின் பொருளை மட்டும் சுமந்துகொண்டு வந்தது.

ஆங்கிலத்திலோ 'ஓஃப்' என்னும் சொல் மின்சாரமும் சுவிட்சும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்த சொல். சுவிட்சின் பொருள் அதற்குக் கடைசியாக வாய்த்த பொருள்களில் ஒன்று. நாம் கடைக்குட்டியைக் கண்டுவிட்டுக் குடும்பம் முழுவதையும் கண்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

மழை விட்டது, வாணம் விட்டார்கள்

ஆங்கிலத்துக்குள் போவதற்கு முன், நம் மொழியிலேயே உள்ள ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'விடு' என்பது அச்சொல்.

மழை விட்டது என்றால் மழை நின்றுவிட்டது. காய்ச்சல் விட்டது என்றால் காய்ச்சல் நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் விட்டது என்றால் அன்றைய படிப்பு முடிந்தது. அப்படியானால், தமிழை இப்போதுதான் கற்றுக்கொள்ளும் ஒரு வெளிநாட்டவர், 'கோயில் திருவிழாவில் வாணம் விட்டார்கள்' என்ற வாக்கியத்தைக் கேட்டு, வாணவேடிக்கையை நிறுத்திவிட்டார்கள் என்று புரிந்துகொண்டால் அவரை எப்படிக் குறை கூறுவது? நிற்பதற்கும் 'விடு', சீறிக்கொண்டு வானத்தில் ஏறி வெடிப்பதற்கும் 'விடு'. டச்சு விரிகுடாக் கரையில் ஒரு பையன் பட்டம் விடுகிறான் என்றால் பட்டம் பறக்கத் தொடங்குகிறது; அதே பொழுதில் மழை விட்டது என்றால் மழை ஓய்ந்துவிட்டது.

நமக்கு ஒருபோதும் இந்தக் குழப்பம் வருவதில்லை. ஏனென்றால் 'விடு' என்பதன் அடியில் இருப்பது நிற்பதுமன்று, தொடங்குவதுமன்று, பிடி தளர்வது. காய்ச்சல் நம்மைப் பிடித்திருந்தது, பிடியைத் தளர்த்தியது, ஆகவே ஓய்ந்தது. வாணத்தைக் கை பிடித்திருந்தது, பிடியைத் தளர்த்தியது, ஆகவே பறந்தது. பிடி தளர்ந்தபின் என்ன நடக்கும் என்பது, யார் எதைப் பிடித்திருந்தார் என்பதைப் பொறுத்தது.

இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். 'கோ ஓஃப்' என்பதும் ஏறத்தாழ இதே வழியில்தான் இயங்குகிறது.

சொற்றொடர் வினை என்பது என்ன?

ஒரு சாதாரண வினைச்சொல்லும் அதற்குப் பின்னே வரும் ஒரு சிறுசொல்லும் சேர்ந்து, அவ்விரண்டின் தனிப்பொருள்களைக் கூட்டினாலும் எளிதில் கிடைக்காத ஒரு பொருளைத் தருமானால், அந்தச் சேர்க்கையைச் சொற்றொடர் வினை என்கிறோம். பள்ளியில் பிள்ளைகள் 'பிரேசல் வேர்ப்' என்று சொல்வது இதைத்தான். பின்னால் வரும் சிறுசொல்லை இந்தக் கட்டுரையில் ஒட்டுச்சொல் என்று அழைப்போம்.

இதுவும் நமக்குப் புதிதன்று. 'பால் கெட்டுப்போயிற்று' என்கிறோம். பால் எங்கேயும் போகவில்லை, சட்டியில்தான் இருக்கிறது. 'பிள்ளையைப் பார்த்துக்கொள்' என்கிறோம். வெறுமனே கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவரைப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நம் இலக்கணம் 'போ', 'கொள்', 'விடு' போன்றவற்றைத் துணைவினை என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: நாம் வினையோடு இன்னொரு வினையை ஒட்டுகிறோம்; ஆங்கிலேயர் வினையோடு திசையை ஒட்டுகிறார்கள். அப், டவுன், இன், அவுட், ஓன், ஓஃப் எல்லாம் மேலே, கீழே, உள்ளே, வெளியே, மீது, விலகி என்று இடத்தையும் திசையையும் காட்டும் சொற்கள்.

'கோ' என்பது 'போ'. அதன் இறந்தகாலம் 'வென்ட்'. இது முன்னொரு காலத்தில் வேறொரு வினைக்கு உரியதாக இருந்து, பின்னர் 'கோ'வுக்கு வந்து சேர்ந்த வடிவம். ஆகவே இரண்டும் ஒரே குடும்பம் போலத் தோன்றாவிட்டால் அதில் வாசகரின் தவறு இல்லை. மூன்றாவது வடிவம் 'கோன்'.

'ஓஃப்' என்றால் விலகி

இப்போது ஒட்டுச்சொல்லுக்கு வருவோம். 'ஓஃப்' என்பதும், நாம் 'இன்' உருபுக்கு நிகராகப் படிக்கும் 'ஒவ்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். அழுத்தி உச்சரித்தபோது ஒரு வடிவமும், மெதுவாக உச்சரித்தபோது மற்றொரு வடிவமுமாக இருந்தவை, 17ஆம் நூற்றாண்டளவில்தான் பொருளாலும் எழுத்தாலும் தெளிவாகப் பிரிந்தன. 'விலகி', 'அப்பால்' என்ற பொருள் 'ஓஃப்' பக்கம் தங்கிவிட்டது.

இந்தப் பொருளை நம் கடலிலேயே பார்க்கலாம். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் புறாத்தீவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் எவரும் அது 'ஓஃப் நிலாவெளி' இருப்பதாக எழுதுவார்கள். நிலாவெளி நிறுத்தப்பட்டது என்று இதற்குப் பொருளில்லை. நிலாவெளிக் கரையை விட்டுச் சற்று விலகி என்பதே பொருள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அன்று, முதல்நாள் இரவு இத்துறைமுகத்திலிருந்து வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அதைச் சொல்லும் ஆங்கில வாக்கியம் 'சங்க் ஓஃப் பட்டிக்கலோ' என்று முடியும். மட்டக்களப்புக்கு அப்பால், கடலில், என்று பொருள்.

விமானம் நிலத்திலிருந்து விலகி எழும்புவது 'டேக் ஓஃப்'. பொத்தான் சட்டையிலிருந்து கழன்று விழுவது 'ஃபோல் ஓஃப்'. எல்லாவற்றிலும் விலகல் ஒன்றே.

ஆக, இதுவரை பார்த்ததன் சாரம் இது: 'கோ ஓஃப்' என்பதன் அடிப்பொருள் 'ஒன்றிலிருந்து விலகிப் போதல்'. எந்த வாக்கியத்தில் இதைக் கண்டாலும், ஓஃப் ஆனதா ஓன் ஆனதா என்று கேட்காமல், எதிலிருந்து விலகியது என்று கேட்க வேண்டும்.

தடையிலிருந்து விலகுதல்: அலாரமும் வெடியும்

என் தகப்பனாரிடம் தலைமேல் இரண்டு மணிகள் வைத்த ஒரு பழைய மேசைக் கடிகாரம் இருந்தது. பின்பக்கத்தில் இரண்டு திருகுகள். ஒன்று நேரத்தை ஓட்டும் சுருள்வில்லுக்கு. மற்றது மணியடிக்கும் சுருள்வில்லுக்கு. இரவு படுக்கப் போகும்போது இரண்டையும் 'கறகற' என்று இறுக்குவார். இறுக்கிய வில் உடனே அவிழ்ந்துவிடாமல் ஒரு சிறு நெம்பு அதைத் தடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். குறித்த நேரம் வந்ததும் உள்ளே இருக்கும் பல்லின் பள்ளத்தில் அந்த நெம்பு விழும், தடை விலகும், இரவு முழுவதும் அடங்கிக் கிடந்த வில் அவிழ்ந்து, இரண்டு மணிகளுக்கும் நடுவில் இருக்கும் சின்னச் சுத்தியல் வெறிபிடித்தது போல் அடிக்கத் தொடங்கும்.

'அலாரம் வென்ட் ஓஃப்' என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. அலாரம் தன்னைப் பிடித்து வைத்திருந்த தடையிலிருந்து விலகியது. விலகியதால் ஒலித்தது. இன்று கைபேசியில் வில்லும் இல்லை, நெம்பும் இல்லை. சொல் மட்டும் தங்கிவிட்டது.

துப்பாக்கிக்கும் இதே கதைதான். விசையை இழுக்கும்வரை சுத்தியல் தடையில் நிற்கிறது. இழுத்ததும் தடை விலகிக் குண்டு பாய்கிறது. ஆகவே 'த கன் வென்ட் ஓஃப்' என்றால் துப்பாக்கி வெடித்தது. வெடிகுண்டு, பட்டாசு, சீன வெடி எல்லாவற்றுக்கும் இதுவே. 'த க்ராக்கர்ஸ் வென்ட் ஓஃப்' என்பதைப் பிள்ளைகள் வெடிகள் நமுத்துப்போயின என்று மொழிபெயர்ப்பதை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். நமுத்துப்போனால் ஆங்கிலத்தில் 'டிட்ன்ட் கோ ஓஃப்' என்று எதிர்மறையில் சொல்வார்கள்.

இங்கே ஒரு சிறு கவனிப்பு. 'த கன் வென்ட் ஓஃப்' என்ற வாக்கியத்தில் சுட்டவர் இல்லை. துப்பாக்கி தானாகவே வெடித்தது போல வாக்கியம் அமைந்துவிடுகிறது. 'துப்பாக்கி வெடித்தது' என்று தமிழில் எழுதினாலும் இதே வசதி கிடைக்கிறது. செய்தி அறிக்கைகளை வாசிக்கும்போது, யார் சுட்டார் என்ற கேள்வியை இந்த வினை எவ்வளவு மென்மையாக ஒதுக்கி வைத்துவிடுகிறது என்பதைக் கவனிப்பது நல்லது.

பிரித்தானிய ஆங்கிலத்தில் 'கோ ஓஃப் அட் ஹாஃப் கொக்' என்றொரு வழக்கு உண்டு. பழைய காலத்துத் துப்பாக்கியில் சுத்தியலைப் பாதி மட்டும் பின்னிழுத்து வைத்தால் அது பாதுகாப்பான நிலை. அந்த நிலையிலேயே வெடித்துவிட்டால் குறி தப்பிவிடும். ஆயத்தம் முடிவதற்குள் அவசரப்பட்டுத் தொடங்கிக் கெடுத்துக்கொள்ளும் காரியங்களுக்கு இதைச் சொல்வார்கள்.

சைரனுக்கும் 'கோ ஓஃப்' தான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் அமைக்கப்பட்டன. அப்படிப்பட்ட கோபுரத்தைக் குறித்து ஆங்கில அறிவுறுத்தல் ஒன்றில் 'வென் த சைரன் கோஸ் ஓஃப்' என்று வந்தால், அதன் பொருள் சைரன் ஊதும்போது என்பது. ஓய்ந்த பிறகு என்று கரையோரத்தில் இருக்கும் ஒருவர் படித்துவிடக் கூடாது.

இயக்கத்திலிருந்து விலகுதல்: விளக்கும் மின்சாரமும்

அடுத்தது நமக்குப் பழக்கமான பொருள். 'த லைட்ஸ் வென்ட் ஓஃப்' என்றால் விளக்குகள் அணைந்தன. இங்கே விளக்கை எந்தத் தடையும் பிடித்து வைத்திருக்கவில்லை, அது எரிந்துகொண்டிருந்தது. ஆகவே விலகியது எரியும் நிலையிலிருந்து. 'கரண்ட் போயிற்று' என்று நாம் சொல்வதற்கு இது அப்படியே பொருந்தும்.

அப்படியானால் 'அலாரம் வென்ட் ஓஃப்' என்பதற்கு ஒலித்தது என்றும், 'லைட்ஸ் வென்ட் ஓஃப்' என்பதற்கு அணைந்தது என்றும் எப்படிப் பிரித்தறிவது? எழுவாயைப் பார்க்க வேண்டும், அதாவது வாக்கியத்தில் எது 'கோ ஓஃப்' ஆனது என்பதை. அலாரம், சைரன், வெடி, துப்பாக்கி ஆகியவற்றின் இயல்பான நிலை அடங்கி இருப்பது. விலகினால் அவை சத்தமிடும். விளக்கு, மின்விசிறி, மின்சாரம் ஆகியவற்றிடம் நாம் எதிர்பார்ப்பது இயங்கிக்கொண்டிருப்பது. விலகினால் அவை நிற்கும். மழைக்கும் வாணத்துக்கும் நாம் செய்வதும் இதுதானே.

விளக்கைப் பற்றிப் பேசும்போது 'கோ அவுட்' என்பதையும் சொல்லியாக வேண்டும். மெழுகுவர்த்தி, குத்துவிளக்கு, அடுப்பு என்று சுவாலை உள்ள எதுவும் அணைந்தால் 'வென்ட் அவுட்' என்பார்கள். 'வென்ட் ஓஃப்' என்று சொல்வதில்லை. மின்விளக்குக்கு இரண்டும் பொருந்தும்.

நல்ல நிலையிலிருந்து விலகுதல்: மீனும் பாலும்

மீன் சந்தைக்குப் பழகிய ஒருவர் பாரையையோ சூரையையோ வாங்குவதற்கு முன்னர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பு இருக்கிறதா என்று பார்த்து, கண்ணைப் பார்த்து, விரலால் வயிற்றை அழுத்திப் பார்த்து, அப்புறம்தான் விலை கேட்பார். செவுள் வெளிறி, கண் உள்வாங்கி, அழுத்திய பள்ளம் எழும்பாமல் கிடந்தால் அந்த மீனுக்கு ஆங்கிலத்தில் 'த ஃபிஷ் ஹாஸ் கோன் ஓஃப்' என்று சொல்வார்கள். நல்ல நிலையிலிருந்து விலகிவிட்டது. பழுதாய்ப் போயிற்று.

பாலுக்கும் இறைச்சிக்கும் சமைத்த கறிக்கும் இதே வழக்கு. கிண்ணியாவிலிருந்து வரும் முட்டித் தயிரைப் பற்றி இப்படிச் சொல்லும்போது மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். புளிப்பது தயிரின் இயல்பு. புளிப்பு ஏறியதற்கும் 'கோ ஓஃப்' ஆனதற்கும் இடையில் உள்ள தூரம் அவரவர் நாக்கைப் பொறுத்தது.

இது பெரும்பாலும் பிரித்தானிய வழக்கு. அமெரிக்கர்கள் இதே இடத்தில் 'கோ பாட்' என்றோ 'ஸ்பொய்ல்' என்றோ சொல்வார்கள். இலங்கைப் பாடநூல் ஆங்கிலம் பிரித்தானிய ஆங்கிலத்தைச் சார்ந்திருப்பதாலும், உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வரும் பயணிகளில் இங்கிலாந்துக்காரரும் இருப்பதாலும், நமக்கு இது தேவைப்படும்.

விடுதிகளில் பரிமாறும் வேலை செய்கிற என் பழைய மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்வதுண்டு. வாடிக்கையாளர் ஒருவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு 'ஐ திங்க் திஸ் ஃபிஷ் இஸ் ஓஃப்' என்றால் மீன் பழுது என்று பொருள். உடனே தட்டை எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். பரிமாறுபவர் வாடிக்கையாளரிடம் 'த ஃபிஷ் இஸ் ஓஃப் டுடே' என்று சொன்னாலோ, இன்றைக்கு அந்த உணவு கிடைக்காது, முடிந்துவிட்டது என்பதே பிரித்தானிய வழக்கில் வழமையான பொருள். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் சமையலறைக்கும் மேசைக்கும் இடையில் வீண் சண்டைதான்.

2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, வகுப்பில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். 'த லைட்ஸ் வென்ட் ஓஃப், த ஃபிஷ் வென்ட் ஓஃப், அன்ட் அட் ஃபைவ் த அலாரம் வென்ட் ஓஃப்.' விளக்கு அணைந்தது, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மீன் பழுதாயிற்று, ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. ஒரே வினை, ஒரே வடிவம், மூன்று விலகல்கள். அன்றைக்கு அந்த வகுப்பில் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை; எல்லார் வீட்டிலும் முதல் இரண்டும் நடந்திருந்தன.

சுருங்கச் சொன்னால், தடையிலிருந்து விலகினால் வெடிக்கும் அல்லது ஒலிக்கும். இயக்கத்திலிருந்து விலகினால் நிற்கும். நல்ல நிலையிலிருந்து விலகினால் கெடும்.

எஞ்சிய பொருள்கள்

ஆள் ஓர் இடத்திலிருந்து விலகினால் அது புறப்பட்டுப் போவது. 'ஹி வென்ட் ஓஃப் டு கொலம்போ' என்றால் அவர் கொழும்புக்குப் புறப்பட்டுப் போனார். ஆனால் 'ஹி வென்ட் ஓஃப் வித் மை அம்ப்ரெல்லா' என்றால், கேட்காமல் என் குடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு முறைப்பாடு அதில் ஒளிந்திருக்கும். குடைக்குப் பதிலாக ஓர் ஆளின் பெயர் வந்தால், குடும்பத்தை விட்டுவிட்டு அந்த ஆளோடு போய்விட்டார் என்றும் பொருள்படலாம். பெயரைப் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

விருப்பத்திலிருந்தும் விலகலாம். 'ஐ ஹாவ் கோன் ஓஃப் டீ' என்றால், முன்பு தேநீர் பிடித்திருந்தது, இப்போது பிடிக்கவில்லை. முன்பு பிடித்திருந்தது என்ற செய்தி இதற்குள் கட்டாயம் இருக்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே பிடிக்காத பாகற்காயைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

குழந்தை தூங்கிவிட்டாலும் பிரித்தானியர் 'த பேபி ஹாஸ் கோன் ஓஃப்' என்பதுண்டு. விழிப்பிலிருந்து விலகல். நாம் 'நித்திரையாய்ப் போயிற்று' என்பதற்கு அருகில் வரும்.

'த ஃபெஸ்டிவல் வென்ட் ஓஃப் வெல்' என்றால் திருவிழா நன்றாக நடந்து முடிந்தது. இந்தப் பொருளைத்தான் மாணவர்களால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. எனக்கும் இது விலகல் என்ற கூட்டுக்குள் இலகுவில் அடங்குவதாகத் தெரியவில்லை. நான் கொடுக்கும் விளக்கம் இது: பல நாள் ஆயத்தம் செய்து, கட்டி நிறுத்தி வைத்திருந்த தேரின் வடத்தை இழுத்ததும் அது அசைந்து வீதியில் இறங்குவது போல, ஆயத்தத்தில் நின்ற ஒரு காரியம் விடுபட்டு ஓடி முடிந்தது. இந்தப் பொருளில் வரும்போது எப்படி நடந்தது என்பதைக் காட்டும் ஒரு சொல், 'வெல்' என்றோ 'ஸ்மூத்லி' என்றோ, கூடவே வரும். அந்தச் சொல்லே நமக்கு அடையாளம்.

வாக்கியத்தில் அமைக்கும் முறை

தமிழ் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று ஒரு பிரிவு சொல்கிறது. தானே நிகழ்வது தன்வினை. பிறரைக் கொண்டோ பிறிதொன்றின் மீதோ நிகழச் செய்வது பிறவினை. பந்து உருண்டது, பந்தை உருட்டினான். வெடி வெடித்தது, வெடியை வெடிக்க வைத்தான். அலாரம், வெடி, விளக்கு, மீன் என்று மேலே பார்த்த பொருள்களிலெல்லாம் 'கோ ஓஃப்' தன்வினை. அலாரம் தானே ஒலிக்கிறது, மீன் தானே பழுதாகிறது.

ஆகவே நான் விளக்கை அணைத்தேன் என்று சொல்ல 'ஐ வென்ட் ஓஃப் த லைட்' என்று எழுத முடியாது. அப்படி எழுதினால், சற்று முன் பார்த்தபடி, எனக்கு அந்த விளக்கின் மீது இருந்த ஆசை போய்விட்டது என்றுதான் ஆங்கிலேயர் படிப்பார். விளக்கை அணைக்க 'சுவிட்ச் ஓஃப்' அல்லது 'டர்ன் ஓஃப்' இருக்கிறது. அலாரத்தை ஒலிக்கச் செய்ய 'செட் ஓஃப்' இருக்கிறது: 'த ஸ்மோக் செட் ஓஃப் த அலாரம்', புகை அலாரத்தை ஒலிக்க வைத்தது. வாணம் விடுவதற்கு 'லெட் ஓஃப்' என்பார்கள். 'லெட்' என்பதும் ஏறத்தாழ நம் 'விடு' தான் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

தன்வினையாக இருப்பதனாலேயே 'த அலாரம் வாஸ் கோன் ஓஃப்' என்று செயப்பாட்டில் எழுதுவதும் பிழை. 'ஹாஸ் கோன் ஓஃப்' என்பதே சரி. 'சுவிட்ச் இட் ஓஃப்' என்று நடுவில் ஒரு சொல்லைச் செருகுவது போல 'கோ இட் ஓஃப்' என்று செருகவும் முடியாது. வாசிக்கும்போது இந்தப் பொருள்களில் அழுத்தம் 'கோ'வில் விழாமல் பெரும்பாலும் 'ஓஃப்' மீது விழும். வானொலியில் கேட்டுப் பழகுவதற்கு இது உதவும்.

அமெரிக்கத் தொடர்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே 'ஷி வென்ட் ஓஃப் ஓன் ஹிம்' என்றால் அவர் மீது அவள் பொரிந்து தள்ளினாள் என்று பொருள். அடக்கி வைத்திருந்த கோபத்தின் தடை விலகியது. பரீட்சைக்கு இது தேவையில்லை.

அந்தத் தங்குவிடுதிப் பலகைக்கு வருகிறேன். நான் குறித்துக் கொடுத்த திருத்தத்தைப் பார்த்த முகாமையாளர், "சேர், ஓஃப் என்றுதானே இருக்கு, எங்கட ஆள் எழுதினது சரிதானே?" என்று கேட்டார். அவருக்கு மேசைக் கடிகாரத்தின் கதையைச் சொல்ல நேரமிருக்கவில்லை. அவருடைய கைபேசியை வாங்கி, ஒரு நிமிடம் தள்ளி அலாரம் வைத்து, மேசையில் வைத்தேன். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அடித்தபோது, "இப்ப இது கோ ஓஃப் ஆகிறது" என்றேன். அடுத்த வாரம் பலகைகள் மாறின. 'நின்றவுடன்' இருந்த இடத்தில் 'ஒலித்தவுடன்' என்று எழுதியிருந்தார்கள்.